எனாமல் தட்டில் உளுந்துச் சருகு

மெக்கானிக்குகள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று தம்பிகள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். "வண்டி கொதிச்சா எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கணும்னு எழுதிக் குடுங்கண்ணே. புது வண்டின்னா மிஷினைச் சொருகினா அதுவே காட்டிக் குடுத்துடுது. பழசு ஏதாவது வந்துட்டா திருதிருன்னு முழிக்கிறோம்" என்றார்கள். எழுதுகிறேன் என்று சொல்லி, டீ கொடுத்து அனுப்பிவைத்தேன். அவர்கள் கேட்டது தொழில் குறிப்பு. அதுவும் இதில் இருக்கிறது. ஆனால் நான் பேனாவை எடுத்ததற்குக் காரணம் வேறு.

போன மாதம் காடாம்புலியூரில் ஒரு சாவுக்குப் போனேன். இறந்தவன் கலியபெருமாள். ஒரு காலத்தில் கடலூரில் கார் டிரைவராக இருந்தவன். எனக்கு உறவு இல்லை, ஆனால் முதல் நாளிலிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். பந்தலில் எனக்குப் பக்கத்தில் இரண்டு பழைய டிரைவர்கள். "யாரு, உளுந்து கலியபெருமாளா?" என்று ஒருவர் ஆரம்பித்தார். முதலாளி வண்டியை உளுந்து மேல் ஏற்றி ஏற்றி இன்ஜினையே கொதிக்க வைத்த கதையைச் சொல்லி முடிப்பதற்குள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். உள்ளே அவன் மனைவி அழுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து சட்டையைப் பிடிக்கலாம் போல இருந்தது. அந்தக் கதை எங்கள் பட்டறையில் பிறந்தது. பாதிதான் வெளியே போனது. மீதிப் பாதியைத் தெரிந்தவர்கள் இப்போது மூன்றே பேர், அதில் நான் ஒருவன்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. பத்தாவது தவறி, தொழிற்பயிற்சி படித்து, மூன்று பட்டறைகளில் கிரீஸ் தின்று, கடைசியில் ஆரோக்கியசாமி சாரிடம் வந்து சேர்ந்தேன். கடலூரிலிருந்து சிதம்பரம் போகிற ரோட்டில் எங்கள் பட்டறை. அவர்தான் அங்கே தலைமை மெக்கானிக். இந்த வருஷம் நான் ஓய்வு பெறுகிற வரைக்கும் வேலை என்று எதை நினைத்தாலும் அவர் முகம்தான் வரும்.

ஆரோக்கியசாமி சார் பேனட்டை உடனே திறக்க விடமாட்டார். வண்டி வந்து நின்றால், ஒரு பழைய டயர் மேல் பலகையைப் போட்டு உட்கார்ந்து, ஓட்டி வந்தவரை எதிரே நிற்க வைப்பார். கண்ணை மூடிக்கொள்வார். "சொல்லு" என்பார். டிரைவர் என்ன சொன்னாலும் குறுக்கே பேச மாட்டார். சொல்லி முடித்த பிறகுதான் கேள்வி. நாங்கள் அவசரப்பட்டு ஸ்பேனரைத் தொட்டால் கண்ணைத் திறக்காமலே, "சுந்தரம், கையை எடு" என்று என் பேரைச் சொல்லிவிடுவார். எப்படித் தெரியும் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை.

அவருடைய இன்னொரு வழக்கம் தட்டு. விளிம்பில் நீலக்கோடு போட்ட வெள்ளை எனாமல் தட்டு. ஒருமுறை ஒரு வாடிக்கையாளர், நல்ல கேஸ்கட்டை மாற்றிவிட்டுப் பொய் சொல்கிறீர்கள் என்று ஊரைக் கூட்டிவிட்டார். சார் உள்ளே போய், கருகிக் கிழிந்த கேஸ்கட்டைத் தன் சாப்பாட்டுத் தட்டில் வைத்து எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தார். அவர் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துப் போனார். அன்றிலிருந்து எந்தப் பழுதாக இருந்தாலும், காரணம் தட்டில் வைத்து எல்லோர் முன்னாலும் காட்டப்பட்ட பிறகுதான் வண்டி வெளியே போகும். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள்கூட "தட்டு வந்துடுச்சா?" என்று எட்டிப் பார்ப்பார்கள். எங்கள் பட்டறைக்கு நல்ல பேர் வாங்கிக் கொடுத்தது அந்தத் தட்டுதான். எனக்கும் அதில் பெருமை இருந்தது, மறைக்க வேண்டியதில்லை.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்துபோய் இரண்டு வருஷம் கழிந்திருக்கும். தை மாதம். கலியபெருமாள் ஒரு பழைய டீசல் ஜீப் வகை வண்டியைக் கொண்டுவந்தான். ஏழு பேர் உட்காரலாம், பின்னால் துணி மூட்டையும் ஏற்றலாம். பாடி கனம், இன்ஜினும் கனம். ஏசி பிற்பாடு மாட்டியது. முதலாளிக்குக் கடலூரில் ஒரு துணிக்கடை, சிதம்பரத்தில் ஒரு துணிக்கடை. வீடு முதுநகரில். அவருக்கு அதுதான் முதல் வண்டி. அதை மாற்றச் சொன்னால் கோபம் வரும். கலியபெருமாள் அந்த வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை ஓட்டுகிறவன்.

சார் கண்ணை மூடினார். "சொல்லு."

"டவுனுக்குள்ள ஒண்ணும் இல்ல சார். புதுச்சத்திரம் தாண்டிட்டா சூடு காட்டற முள்ளு மேல ஏறுது. ஏசியப் போட்டா இன்னும் சீக்கிரம். நிறுத்தி பேனட்டைத் தொறந்து வெச்சா கொஞ்ச நேரத்துல எறங்கிடுது. திரும்ப ஓட்டினா திரும்ப ஏறுது."

"தண்ணி கொறையுதா?"

"அது அய்யாவுக்குத்தான் சார் தெரியும். வெள்ளிக்கிழமை பூசை போட்டு அவரு கையாலதான் ஊத்துவாரு. மூடிய நான் தொடறதில்ல."

சார் தலையை ஆட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். எத்தனையோ முதலாளிகளுக்கு எத்தனையோ சடங்கு. அதையும் அந்தக் கணக்கில்தான் நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

தம்பிகளே, நீங்கள் கேட்டது இங்கே வருகிறது. முதலில் இன்ஜின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்து தண்ணீர் அளவு பார்த்தோம், சரியாக இருந்தது. மூடியின் ரப்பர் வெடிக்கவில்லை, ஸ்பிரிங் இறுக்கமாக இருந்தது. ஃபேன் பெல்ட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தேன், தொய்வு இல்லை. வாட்டர் பம்ப்பின் தண்டைப் பிடித்து அசைத்தேன், ஆட்டம் இல்லை. தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றி, டீ போடுகிற பாத்திரத்தில் தண்ணீர் வைத்து உள்ளே போட்டுக் காய்ச்சினோம். தண்ணீர் சூடேறியதும் அது ஒழுங்காக வாயைத் திறந்தது. நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்று பலர் அந்த வால்வைக் கழற்றித் தூக்கிப் போட்டுவிடுவார்கள். சார் ஒருநாளும் அதைச் செய்யவிட்டதில்லை. பிறகு மூடியைத் திறந்துவைத்தே இன்ஜினை ஓடவிட்டு, தண்ணீரில் குமிழி வருகிறதா என்று வெகுநேரம் பார்த்தோம். வந்திருந்தால் கேஸ்கட் போயிற்று என்று அர்த்தம். வரவில்லை.

கடைசியில் சார் ஒரு கைவிளக்கைக் கேட்டார். அதை ரேடியேட்டருக்குப் பின்னால், ஃபேன் பக்கமாகப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தான் முன்னால் குனிந்து கிரில் வழியாகப் பார்த்தார். நல்ல ரேடியேட்டராக இருந்தால் வெளிச்சம் ஜல்லடை வழியாகத் தெரிவதுபோல் முன்னால் வரும். இங்கே மேல் ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. கீழே முழுக்க இருட்டு.

ஏசிக்கு ஒரு ஜல்லடை, ரேடியேட்டருக்கு ஒரு ஜல்லடை, இரண்டும் ஒட்டி நிற்கும். முன்னாலிருந்து பார்த்தாலும் பின்னாலிருந்து பார்த்தாலும் நடுவில் இருப்பது கண்ணுக்குப் படாது. ஏசி ஜல்லடையின் போல்ட்டுகளைத் தளர்த்தி முன்னால் சாய்த்தோம். பாய் விரித்த மாதிரி கனமாக உளுந்துச் சருகு. தோலும் தூசுமாக நெய்து வைத்ததுபோல் அடைத்துக்கொண்டிருந்தது. காற்றே போக வழியில்லை. அதை உரித்து எடுத்தபோது இரண்டு முழு உளுந்து மணிகூட உதிர்ந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று எனக்கு ஒரே குஷி. காற்றுக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்து, மாட்டி, சிதம்பரம் வரை ஏசியைப் போட்டு ஓட்டிப் பார்த்தோம். முள் நடுவிலேயே நின்றது. தை மாதக் குளிர் காற்று அன்று எவ்வளவு உதவி செய்தது என்று எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை முதலாளி வந்தார். வழக்கம்போல் தட்டு வந்தது. தட்டு நிறைய சருகு. டீக்கடைக்காரர், பஞ்சர் கடைக்காரர், வேறு வண்டிக்குக் காத்திருந்த டிரைவர்கள் எல்லோரும் நின்றார்கள்.

"இது எப்படி உள்ள வந்துச்சு?" என்றார் முதலாளி.

"மணி உதிரட்டும்னு ரோட்டுல பயிரைப் பரப்பி வெச்சிருப்பாங்க இல்லீங்களா, அது மேல போனா பறந்து வந்து ஒட்டிக்கும்" என்றார் சார். "ஒருதரம் ரெண்டுதரம் போனா இவ்ளோ சேராது."

முதலாளி கலியபெருமாள் பக்கம் திரும்பினார். அவனுக்குப் பொய் சொல்லத் தெரிந்திருந்தால் அன்றைக்குத் தப்பித்திருப்பான்.

"ஆமாங்கய்யா. உங்களைச் சிதம்பரம் கடையில எறக்கி வுட்டுட்டு வெறும் வண்டியாத்தான வருவேன். நம்ம ஊருப் பொம்பளைங்க, மேட்டுக்கொல்லை உளுந்தைப் பரப்பிட்டு ரோட்டோரம் நிப்பாங்க. 'கலியபெருமாளு, முன்னாடி பின்னாடி ரெண்டு தபா போயிட்டுப் போப்பா'ன்னு கேப்பாங்க. பஸ்ஸுக்காரங்க வேகமாப் போயி மணியெல்லாம் செதற அடிச்சிடுவாங்க. நான் மெதுவா ஏத்துவேன். அதான்."

"என் வண்டி என்ன போரடிக்கிற மாடாடா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்குவதற்குள் முதலாளி கையை நீட்டினார். கலியபெருமாள் சாவியை அவர் கையில் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூச்சப்பட்டானோ என்னவோ, தட்டில் அந்தச் சருகுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நகர்ந்து போனான். போகும்போது என்னைப் பார்த்து, "வரேன் மச்சான்" என்றான்.

சார் முதலாளி பின்னாலேயே ஓடிப் போய்ப் பேசிப் பார்த்தார். "சருகு போறது ஒரு குத்தமா முதலாளி, மாசம் ஒருதரம் ஊதி வுட்டா போதும்" என்றார். அவர் கேட்கவில்லை. பத்துப் பேர் முன்னால் கேட்டுச் சிரித்த விஷயத்தில் எந்த முதலாளி இறங்கி வருவார்?

அந்தச் சிரிப்பு அதோடு நிற்கவில்லை. காத்திருந்த டிரைவர்கள் கடலூரில் சொன்னார்கள், அங்கிருந்து ஸ்டாண்டு ஸ்டாண்டாகச் சிதம்பரம் போயிற்று. கலியபெருமாளுக்கு வேலைக்காக நானே ஒரு டிராவல்ஸ்காரரிடம் போய்ப் பேசினேன். "யாரு, உளுந்து பார்ட்டியா? நம்ம வண்டிய எள்ளு மேல ஏத்திடப் போறாருப்பா" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவிட்டார். இன்னும் இரண்டு இடத்திலும் அதேதான். அத்தனை வருஷம் ஒரு கீறல் போடாமல் ஓட்டியவன் என்று நான் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. அவன் மனைவியின் அண்ணன் காடாம்புலியூரில் முந்திரிக் கொட்டை உடைக்கிற இடத்தில் இருந்தார். கடைசியில் அவர் அவனை அங்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

சித்திரையில் அந்த வண்டி மறுபடியும் வந்தது. இந்த முறை வேறு டிரைவர். "முள்ளு ஏறுதுங்க, ஆலப்பாக்கமே தாண்ட முடியல" என்றான். சார் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தவர் சட்டென்று திறந்தார். விளக்கைப் பின்னால் பிடித்தோம், வெளிச்சம் பளிச்சென்று எல்லாப் பக்கமும் வந்தது. ஒரு துரும்பு இல்லை.

"தண்ணி யாரு ஊத்தறது?" என்றார் சார்.

"முதலாளிதாங்க. வெள்ளிக்கிழமை பூசை போட்டு, வீட்டுக் கெணத்துலேருந்து செம்புல கொண்டாந்து ஊத்துவாரு. எங்களத் தொடவுடமாட்டாரு."

சார் என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். கிட்டத்தட்ட அதே வார்த்தையைத்தான் தை மாதம் கலியபெருமாள் சொல்லியிருந்தான்.

இன்ஜினைச் சூடாக்கி நிறுத்திவிட்டு, சார் ரேடியேட்டர் முகத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல நகர்த்திக்கொண்டே போனார். என்னையும் வைக்கச் சொன்னார். ஓரங்களில் கை வைக்க முடியாத சூடு. நடுவில் வெதுவெதுப்புதான். அந்த இடத்தில் தண்ணீர் ஓடவே இல்லை என்று அர்த்தம். கழற்றித் தூக்கினால் இருக்க வேண்டிய எடையைவிட ஜாஸ்தி. ரேடியேட்டர் பட்டறையில் ஈயப் பற்றை உருக்கி மேல் தொட்டியைப் பிரித்தபோது பாதிக் குழாய்களுக்குமேல் வாயே தெரியவில்லை. வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற மாதிரி வெள்ளையும் பழுப்புமாக உப்பு கெட்டியாக இறுகியிருந்தது. புது டிரைவரை அனுப்பி அந்தக் கிணற்றுத் தண்ணீரில் ஒரு பாட்டில் வரவழைத்தோம். சார் ஒரு வாய் வைத்துத் துப்பினார்.

கடல் வந்துபோனதிலிருந்து அந்தக் கிணறு உப்பாகிவிட்டது. வீட்டில் குடிக்கக் கேன் தண்ணீர்தான் வாங்கினார்களாம். வண்டிக்கு மட்டும் முதலாளி மாற்றவில்லை. பழுதில் சருகுக்கும் ஒரு பங்கு உண்டு, இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அதை ஊதினால் போய்விடும். குழாய் அடைப்பு அப்போதே பாதிக்கு வந்திருக்கும். குளிர்காலம் அதை மூடி மறைத்துவிட்டது. ஒரு காரணம் கையில் கிடைத்தவுடன் இன்னொன்று இருக்குமா என்று யாரும் தேடவில்லை.

முதலாளியை மாலையில், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வரச் சொன்னார் சார். தட்டில் உப்புக் கட்டிகளை வைத்து அவர் முன்னால் நீட்டினார். முதலாளி ஒரு கட்டியை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்தார். நாக்கில் வைத்தார்.

"எங்கப்பா வெட்டுன கெணறு சார் அது" என்றார். "தெருவே வந்து மொண்டுக்கிட்டுப் போவும்."

சார் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "கலியபெருமாளைக் கூப்பிட்டுக்கலாமே" என்றார்.

"எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டுக் கூப்புடுவேன்?" என்று எழுந்துவிட்டார். அடுத்த மாதமே வண்டியை யாருக்கோ கொடுத்துவிட்டார்.

சாருக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து நேராக என் வீட்டுக்கு வந்தார். பட்டறையில் ஓட்டிப் பார்க்க நின்றிருந்த ஒரு ஜீப்பில் இரண்டு பேரும் காடாம்புலியூர் போனோம். உப்புக் கட்டியைக் காகிதத்தில் பொட்டலமாகக் கட்டி சட்டைப் பையில் வைத்திருந்தார்.

கலியபெருமாளின் கைகளைத்தான் முதலில் பார்த்தேன். முந்திரிக் கொட்டையின் பால் பட்டுப் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து கிடந்தது. பொட்டலத்தைப் பிரித்துக் காட்டி சார் நடந்ததையெல்லாம் சொன்னார். "நீ அன்னிக்கே சொன்ன. நான்தான் காதுல வாங்கல" என்றார்.

அவன் முதலில் கேட்டது, "அய்யாகிட்டயும் தட்டுல வெச்சுக் காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"ஏன் சார்? அவரு சாமி கும்புட்டு ஆசையா ஊத்துன தண்ணி. எனக்குக் காட்டினீங்க, சரி. அவருக்குக் காட்டியிருக்க வேணாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "உன் பேரு ஊரெல்லாம் நாறுதுடா மச்சான். நான் ஸ்டாண்டு ஸ்டாண்டாப் போயி இதைச் சொல்லத்தான் போறேன்."

"சொல்லாத மச்சான். நான் ஏத்துனது நெசந்தான? என்னைப் பாத்துச் சிரிச்சாங்க, அதோட போவட்டும். இப்ப அவரைப் பாத்து வேற சிரிக்கணுமா? அவரு வீட்டுல நான் சாப்புட்டிருக்கேன்."

அவன் கேட்டுக்கொண்டதற்காகத்தான் நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். அது சரிதானா என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன், இன்னும் தெரியவில்லை. கிளம்பும்போது சார் ஜீப் சாவியை அவனிடம் நீட்டினார். "ஒரு ரவுண்டு எடுப்பா." அவனுக்கு ஆசை இருந்தது, முகத்தில் தெரிந்தது. கையைக் கைலியில் துடைத்துத் துடைத்துப் பார்த்தான். "வேணாம் சார், கறை ஸ்டீரிங்குல ஒட்டிக்கும்" என்றான். "ஒட்டட்டும்பா" என்றார் சார். அவன் சிரித்துவிட்டுத் தள்ளி நின்றுகொண்டான். நான் ஸ்டார்ட் செய்ததும் தலையைச் சாய்த்துக் கேட்டு, "சத்தம் நல்லா இருக்கு" என்றான்.

அதற்குப் பிறகு சார் யார் முன்னாலும் தட்டை எடுக்கவில்லை. வாடிக்கையாளரைத் தனியே அழைத்துப் போய்ச் சொல்வார். தட்டில் நாங்கள் வாஷர் போட்டு வைத்தோம். போன வருஷக் கடைசியில் அடித்த புயலில் முந்திரி மரங்களெல்லாம் சாய்ந்து, கலியபெருமாளுக்கு அந்த வேலையும் இல்லாமல் போனது. ஒருமுறை போய்ப் பார்த்தேன். "திரும்ப வண்டி ஓட்டலாமே" என்றேன். "யாரு மச்சான் குடுப்பாங்க?" என்றான். அடுத்துப் போனது அவன் சாவுக்கு. மார்வலி என்றார்கள்.

சார் இப்போது புதுச்சேரியில் மகள் வீட்டில் இருக்கிறார். இதை எழுதலாமா என்று போனில் கேட்டேன். "எழுது. என் பேரைப் போட்டே எழுது. முதலாளி பேரை மட்டும் போடாத" என்றார். அப்படியே செய்திருக்கிறேன்.

தம்பிகளே, வண்டி கொதித்தால் மூடி, பெல்ட், பம்ப், வால்வு, கேஸ்கட் எல்லாவற்றையும் பாருங்கள். பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். என்ன தண்ணீர், யார் ஊற்றுகிறார்கள் என்று கேளுங்கள். ஒரு காரணம் கிடைத்த பிறகும் கேளுங்கள். ஓட்டுகிறவர் சொல்வதில் எதையும் தள்ளாதீர்கள்.

இந்த மலரைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் அந்தக் கதையைச் சொல்லியோ கேட்டோ சிரித்திருப்பீர்கள். அந்த வண்டி கெட்டது கிணற்று உப்பால். கலியபெருமாள் நல்ல டிரைவர். வெளியே சொல்லாதே என்று அவன் கேட்டுக்கொண்டதை மீறிவிட்டேன். திட்டுவதற்குத்தான் மச்சான் இல்லை.